எழுத்து முடிந்தது, தாலி கட்டு அடுத்த ஆண்டு: கனடா துணைவர் விண்ணப்பத்தில் எதை எப்படி எழுதுவது?

மழைக்குருவி:

வணக்கம். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். சிறு வயதில் பெற்றோருடன் வந்தவள், கனடாக் குடியுரிமை உண்டு. அவர் பருத்தித்துறைப் பக்கம். வீட்டார் பேசி, சாதகம் பொருந்தி, நாங்களும் நீண்ட நாள் தொலைபேசியில் கதைத்துப் பழகிய பிறகு, கடந்த ஆவணியில் நான் ஊருக்குப் போனபோது பதிவாளர் முன்னிலையில் எழுத்து, அதாவது சட்டப்படியான திருமணப் பதிவு, முடிந்தது. தாலி கட்டு இன்னும் இல்லை. வைகாசியில் அப்பம்மா காலமானதால் ஆட்டைத் திவசம் (ஓராண்டு நினைவுச் சடங்கு) முடியாமல் எங்கள் வீட்டில் மணவறை போட மாட்டார்கள். எழுத்தன்று நெருங்கிய உறவினர் மட்டும் வந்தார்கள், மதியச் சாப்பாட்டோடு கலைந்தார்கள். அதன் பிறகும் நான் பெரியம்மா வீட்டில்தான் தங்கினேன், அவர் தன் வீட்டில். தாலி ஏறாமல் ஒரே வீட்டில் இருக்க எங்கள் பக்கத்தில் யார் விடுவார்கள்?

இப்போது எங்கள் உறவைப் பற்றிக் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சடங்கு நடந்ததா, யார் யார் வந்தார்கள், சேர்ந்து வாழ்ந்திருக்கிறீர்களா என்று கேட்கிறது. உள்ளதை எழுதினால் விசாவுக்காகப் போட்ட கையெழுத்து போலவே தெரிகிறது. அம்மாவுக்குத் தெரிந்த, விசா அலுவல் பார்க்கும் ஒருவர், "அடுத்த முறை போகும்போது கோயிலில் மாலை மாற்றிப் படம் எடுத்து, எழுத்தன்றே நடந்தது என்று போட்டுவிடுங்கள்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எழுத்தை மட்டும் வைத்து இப்போதே விண்ணப்பிக்கலாமா? தாலி கட்டு இல்லாததை எப்படி விளக்குவது? மறுத்துவிட்டால் என்ன வழி?

பனைநிழல்:

தாலி கட்டு முடியட்டும், பிறகு போடுங்கள். வேறு பேச்சே இல்லை.

உரைகல்:

தங்கச்சி, நான் சட்டத்தரணி அல்ல. ரொறன்ரோவில் குடிவரவு விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். யாருடைய வழக்கையும் இங்கே சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பக் காதில் விழுவதைச் சொல்கிறேன், முடிவெடுக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

முதல் கேள்விக்கு விடை எளிது. இலங்கையில் பதிவான திருமணம் சட்டப்படி முழுத் திருமணம். கனடா பார்ப்பது இரண்டு: நடந்த நாட்டில் அது செல்லுமா, கனடாச் சட்டத்திலும் செல்லுமா. தாலியைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. நீங்கள் இருவரும் நேரில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்திட்டிருக்கிறீர்கள், அதுவும் முக்கியம். 2015 ஜூனுக்குப் பிறகு தொலைபேசி வழியாகவோ, இணையத்திலோ, பதிலாள் வைத்தோ செய்த திருமணங்களைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை. கனடா இராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு உண்டு.

சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான். கனடாக் குடிவரவு ஒழுங்குவிதி 4(1) இரண்டு காரணம் வைத்திருக்கிறது. திருமணம் உண்மையானது அல்ல என்றால் மறுக்கலாம். உண்மையானதாகவே இருந்தாலும், அதைச் செய்ததன் முதன்மை நோக்கம் குடிவரவுதான் என்று தோன்றினாலும் மறுக்கலாம். 2010 செப்டெம்பருக்கு முன் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மறுப்பு. இப்போது ஒன்று போதும். முதலாவதை அலுவலர் இன்றைய நிலையை வைத்துப் பார்க்கிறார். இரண்டாவதைக் கையெழுத்திட்ட நாளன்று மனத்தில் என்ன இருந்தது என்று பார்க்கிறார். ஆகவே பின்னர் எவ்வளவு அன்பாக வாழ்ந்தாலும் அந்த நாளைப் பற்றிய கேள்வி தானாக மறைந்துவிடாது. அதற்கு விடை சொல்லும் சான்றுகள் எழுத்துக்கு முந்திய காலத்தில் இருக்கின்றன: யார் பேச்சைத் தொடங்கினார், சாதகம் எப்போது பார்த்தார்கள், வேறு எந்த இடங்கள் பேசி வேண்டாம் என்று விட்டீர்கள், முதலில் எதைப் பற்றிக் கதைத்தீர்கள். பெரும்பாலானோர் எழுத்துக்குப் பிந்திய படங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு இதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

மாலைப் படத்தைப் பற்றி ஒரு சொல். அதைச் செய்தால் உண்மையான திருமணத்துக்குப் பொய்ச் சான்று வைக்கிறீர்கள். குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் பொய்யுரைத்ததாகத் தீர்ந்தால் உங்கள் கணவர் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் வர முடியாது, அந்த 5 ஆண்டும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. 2014 நவம்பருக்கு முன் அது 2 ஆண்டாக இருந்தது. விசாரணையில் உங்களையும் அவரையும் தனித்தனியே கேட்பார்கள். கோயிலில் எந்தக் குருக்கள், மழை பெய்ததா, யார் காரில் போனீர்கள் என்று கேள்வி நீளும். நடக்காத ஒரு நாளை இரண்டு பேர் ஒரே மாதிரி நினைவு வைத்திருக்க முடியாது.

கரவை அக்கா:

உரைகல் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பனைநிழலோடு நான் ஒத்துப்போக மாட்டேன். தாலி கட்டு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கோப்பு உள்ளே போனால் அடுத்த நாளா விசா வருகிறது? மாதக்கணக்கில் கிடக்கும். இடையில் திவசம் முடியும், கல்யாணம் நடக்கும், படங்களையும் அழைப்பிதழையும் இணையப் படிவம் வழியாக அனுப்பிக் கோப்பில் சேர்த்துவிடலாம். என் தம்பிக்கு அப்படித்தான் செய்தோம். விண்ணப்பித்த பிறகும் உறவு வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே நல்ல சான்று.

மழைக்குருவி, ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். மொட்டையாக "எங்கள் கலாசாரம்" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுவலர்களுக்குச் சலித்திருக்கும். அப்பம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரத்தை இணையுங்கள். மரண அறிவித்தல் பத்திரிகையில் வந்திருந்தால் அதையும் இணையுங்கள். திவசத் திகதி, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டு, இரு வீட்டுப் பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதம். வெளியாள் ஒருவர் படித்து, "சரி, இதனால்தான் பொறுத்திருக்கிறார்கள்" என்று தானாகவே உணர வேண்டும்.

பெரியதம்பி:

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. நாங்கள் நான்கு நாள் கல்யாணம் செய்தால் "இவ்வளவு செலவுக்குப் பணம் எங்கிருந்து" என்கிறார்கள். எளிமையாகச் செய்தால் "ஏன் எளிமை" என்கிறார்கள். இங்கே பிறந்த ஒருவர் நகரசபையில் இரண்டு சாட்சியோடு கையெழுத்திட்டுவிட்டு வந்தால் அதைக் காதல் என்று கொண்டாடுகிறார்கள். தமிழ் வழக்கத்தைத் தமிழரே சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்டோம்.

உரைகல்:

பெரியதம்பி அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அலுவலர் எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பதுதான் இங்கே சிக்கல். தமிழ்க் கல்யாணம் என்றால் பொன்னுருக்கு, மண்டபம், நூற்றுக்கணக்கில் ஆட்கள் என்று ஒரு படம் அவர் மனத்தில் இருக்கிறது. அதற்கு மாறாக ஒரு கோப்பு வந்தால் மாறுபாட்டுக்குக் காரணம் தேடுகிறார். காரணத்தை நீங்கள் எழுதாவிட்டால் அவரே ஒன்றை எழுதிக்கொள்வார். வயது வித்தியாசம், பெண் மாப்பிள்ளையைவிட மூத்தவர், ஒருவருக்கு இரண்டாம் திருமணம், சமயம் வேறு, இதெல்லாமும் அப்படித்தான். எதுவும் தடையல்ல. விளக்காமல் விடுவதுதான் வினை.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அவர் சில வருடங்களுக்கு முன் கனடாவுக்கு மாணவர் விசா கேட்டு மறுக்கப்பட்டவர். அப்போது என்னை அவருக்குத் தெரியவே தெரியாது. அதை எழுதத்தான் வேண்டுமா? பழைய கதைதானே?

கரவை அக்கா:

ஐயோ பிள்ளை, அதுதான் முதல் எழுத வேண்டியது. பின்னணிப் படிவத்தில் "எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா" என்று நேராகவே கேள்வி இருக்கிறது. இல்லை என்று குறியிட்டால் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவர் சொன்ன மாலைப் படமே தேவையில்லை, அந்த ஒரு குறியே பொய்யுரைப்பு ஆகிவிடும். கனடாவில் கேட்ட விசா கனடாவின் கணினியிலேயே இருக்கிறது.

உரைகல்:

மறைப்பது பற்றிக் கரவை அக்கா சொல்லிவிட்டார். நான் இன்னொன்று சேர்க்கிறேன். பழைய மாணவர் விண்ணப்பத்தின் நகலை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதிய வேலை, படிப்பு, முகவரி, குடும்பத்தினரின் பிறந்த திகதி எல்லாம் இப்போது எழுதுவதோடு பொருந்த வேண்டும். பின்னணிப் படிவத்தில் கடந்த 10 ஆண்டுகளை ஒரு மாதமும் விடாமல் எழுத வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களை வேலையில்லை என்றே எழுதலாம், அதில் வெட்கமில்லை. முன்பு ஒரு முகவர் அவருக்காக "கணக்காளர்" என்று எழுதியிருந்து, இப்போது அவர் "கடையில் உதவி" என்று எழுதினால், அலுவலர் திருமணத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார். பழையது பிழை என்றால் இப்போதே ஒரு கடிதத்தில் திருத்திச் சொல்லுங்கள்.

நகல் இல்லையென்றால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி, அலுவலர் கணினியில் எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். கனடாவில் இருப்பவர் கேட்க வேண்டும், உங்கள் கணவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். முன்பு ஏன் மறுத்தார்கள் என்பது அதில் இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைப் படிக்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

மாணவர் விசா மறுக்கப்பட்டிருப்பதால் நோக்கம் பற்றிய கேள்வி கூர்மையாகும். அதனால் நான் பனைநிழல் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். தாலி கட்டு சில மாதத் தூரம்தான் என்றால் காத்திருப்பது நட்டமல்ல. மறுப்பு வந்து மேன்முறையீட்டுக்குப் போனால் இழக்கும் காலம் அதைவிட மிக அதிகம்.

கரவை அக்கா:

நான் என் கருத்தை மாற்றவில்லை. கடிதம் பலமாக இருந்தால் இப்போதே போடலாம்.

வடலி:

மன்னிக்கவும், இதை ஒட்டிய கேள்விதான். நான் இங்கே அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவன். இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை. எனக்கும் ஊரில் பேசி முடித்திருக்கிறார்கள். எழுத்துக்கு ஒரு கிழமை போய் வருவதில் பிரச்சினை உண்டா? இலங்கைக் கடவுச்சீட்டு புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

உரைகல்:

தம்பி, டிக்கெட் எடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இந்த இழையிலேயே ஆபத்தான கேள்வி இதுதான்.

எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னீர்களோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து, அந்த நாட்டுக்கே போய் வந்தால், நீங்கள் அதன் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டீர்கள் என்று கனடா அரசு வாதிடலாம். அகதிப் பாதுகாப்பை நீக்கும்படி சட்டத்தின் 108ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். 2012 டிசம்பருக்கு முன் அதனால் நிரந்தர வதிவிடம் போகாது. அதற்குப் பிறகு மாற்றிவிட்டார்கள். பாதுகாப்பு நீங்கினால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகிறது. நிரந்தர வதிவிடம் போனால் நீங்கள் யாரை ஸ்பொன்சர் செய்வது, அதாவது பொறுப்பேற்றுக் கூப்பிடுவது? 2022இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆளுக்குப் பின்விளைவு உண்மையில் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், அங்கே எப்படி நடந்துகொண்டார் என்பதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் இங்கே படித்துத் தெரிந்துகொண்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது.

குடியுரிமை கிடைத்துவிட்டால் இந்த வழியில் உங்களைத் தொட முடியாது. முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாள் இங்கே இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அதுவரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். கடவுச்சீட்டு புதுப்பித்ததைப் பற்றியும் ஒரு சட்டத்தரணியிடம் இப்போதே பேசுங்கள், பயணத்துக்குப் பிறகு அல்ல.

பனைநிழல்:

இந்தியாவில் வைத்து எழுதலாமே? எத்தனை பேர் திருச்சியில் செய்கிறார்கள்.

கரவை அக்கா:

செய்கிறார்கள், ஆனால் ஒரு கிழமை லீவில் முடியும் காரியமல்ல. இந்தியாவின் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவித்தல் வேண்டும், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் அதற்கு முன் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். மணமகள் முன்கூட்டியே போய்த் தங்குவார், மாப்பிள்ளை இங்கிருந்து கடைசியில் போவார். கோயிலில் தாலி கட்டி ஒரு ரசீது வாங்கி வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இங்கே மிகவும் கஷ்டப்படுவீர்கள். வடலி தம்பி அகதிப் பயண ஆவணத்தில்தான் போக வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டில் அல்ல.

இலங்கையில் எழுத இருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால்: வெளிநாட்டவர் இலங்கையரை மணப்பதற்கு 2022 ஜனவரியிலிருந்து பாதுகாப்பு அமைச்சின் தடையின்மை அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள். கனடாக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கு முன் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் அன்றைய நடைமுறையைக் கேட்டுவிடுங்கள். நாள் குறித்த பிறகு அலைய முடியாது.

முகில்:

என் நண்பனின் கதை வேறு மாதிரி. அவனுடைய அப்பா இங்கிருந்து குடும்பத்தை ஸ்பொன்சர் செய்தார். அவன் 21 வயதில், மணமாகாத பிள்ளை என்று வந்தான். வருவதற்கு இரண்டு கிழமை முன் ஊரில் காதலித்த பெண்ணோடு எழுத்து முடித்துவிட்டான். "கல்யாணம் இன்னும் இல்லைத்தானே" என்று விமான நிலையத்தில் எதுவும் சொல்லவில்லை. இப்போது அவளைக் கூப்பிட வேண்டும்.

உரைகல்:

மழைக்குருவியின் கதையை அப்படியே திருப்பிப் போட்டால் இதுதான். அங்கே எழுத்து மட்டும் போதுமா என்று பயம். இங்கே எழுத்து ஒரு கணக்கே இல்லை என்ற துணிச்சல். சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றையே சொல்கிறது: கையெழுத்திட்ட நாளிலிருந்து அவர்கள் கணவன் மனைவி.

ஸ்பொன்சரில் வரும் பிள்ளை 22 வயதுக்குக் குறைந்தவராகவும், மணமாகாதவராகவும், யாருடனும் துணைவராக வாழாதவராகவும் இருக்க வேண்டும். 2017 அக்டோபர் 24 முதல் இந்த வயது எல்லை. உங்கள் நண்பர் இறங்கிய நாளில் அந்த வகைக்குள் இல்லை. அதோடு ஒழுங்குவிதி 117(9)(ஈ) என்று ஒன்று இருக்கிறது. நிரந்தர வதிவாளராக வந்தபோது சொல்லாமல் விட்டு, அதனால் குடிவரவு அலுவலரால் பரிசோதிக்கப்படாத துணைவரையோ பிள்ளையையோ பின்னர் குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது. வாழ்நாள் முழுவதும்.

2019 செப்டெம்பரில் இதற்கு ஒரு தளர்வு கொண்டுவந்து, பிறகு நீட்டித்தார்கள். அகதிகளாக வந்தவர்களுக்கும், துணைவராகவோ பிள்ளையாகவோ ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கும் அது உதவும். ஆனால் ஒரு நிபந்தனை: அன்றே உண்மையைச் சொல்லியிருந்தாலும் வந்திருக்க முடிந்தவராக இருக்க வேண்டும். ஊரில் ஒரு குழந்தை இருந்ததைச் சொல்லாத அகதி ஒருவர் இதில் தப்பலாம். மணமானதைச் சொல்லியிருந்தால் உங்கள் நண்பருக்கு விசாவே இல்லை. அதனால் அவருக்கு இந்தக் கதவு திறக்காது. அவருடைய சொந்த வதிவிடமே கேள்விக்குள்ளாகலாம். எந்தப் படிவத்தையும் அனுப்பாமல் முதலில் சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கள். மனிதாபிமானக் காரணங்களுக்கான 25ஆம் பிரிவு இருக்கிறது. அது உரிமையல்ல, கேட்டுப் பார்க்கும் வழி.

பெரியதம்பி:

விவாகரத்து செய்துவிட்டு மீண்டும் அவளையே கட்டினால்?

உரைகல்:

அதே பெண்தானே, அண்ணா. அன்று அவர் துணைவராக இருந்தார், பரிசோதிக்கப்படவில்லை. அந்தத் தடை அப்படியே நிற்கும். புதிதாக ஒரு பொய்யான விவாகரத்து வேறு சேரும்.

மாவிட்டபுரத்தான்:

இந்த இழையில் விஷயம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். பெற்றோரைக் கூப்பிட இப்போது என்ன வழி?

நெறியாளர்:

அதற்குத் தனி இழை இருக்கிறது. சுருக்கமாக: பெற்றோர், தாத்தா பாட்டி ஸ்பொன்சருக்குப் புதிய விருப்பப் படிவங்கள் 2020க்குப் பிறகு திறக்கவில்லை. அன்று பதிந்தவர்களிடமிருந்தே அழைத்துவந்தார்கள். கிடைத்தாலும் 20 ஆண்டுப் பொறுப்பு, 3 வரியாண்டு வருமானக் காப்பு வேண்டும். நடைமுறையில் பலரும் பெற்றோர், தாத்தா பாட்டிக்கான நீண்டகால வருகை விசாவான சூப்பர் விசாவைத்தான் எடுக்கிறார்கள். 2022 ஜூலை முதல் ஒரு முறை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 100,000 டாலர் மருத்துவக் காப்புறுதி, பிள்ளையின் வருமானம், மருத்துவப் பரிசோதனை தேவை. மேலும் கேள்விகளை அங்கே கேளுங்கள்.

நித்தியகல்யாணி:

என் தங்கையைக் கணவர் இங்கே வைத்தே ஸ்பொன்சர் செய்கிறார், விண்ணப்பம் நடக்கிறது. சண்டை வந்தால் கை நீட்டுகிறார். "ஸ்பொன்சரை மீளப் பெற்றால் நாளைக்கே விமானம்" என்கிறார். அவர் அப்படிச் செய்ய முடியுமா?

கரவை அக்கா:

நிரந்தர வதிவிடம் கிடைக்கு முன் அவர் மீளப் பெறலாம், அது உண்மை. நாளைக்கே விமானம் என்பது பொய். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு என்றே 2019 ஜூலை முதல் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி இருக்கிறது. அதோடு வேலை அனுமதியும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 911. வதிவிடம் கிடைத்த பிறகு என்றால் அவர் கையில் எதுவும் இல்லை. 2 ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஊரில் இன்னும் அந்தப் பழைய விதியைச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். தனிமடல் அனுப்புங்கள். உங்கள் பகுதியில் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.

மழைக்குருவி:

கடித வரைவு எழுதினேன். தொடக்கம் இது: "நாங்கள் 2 வருடங்களாக ஒருவரையொருவர் ஆழமாக நேசிக்கிறோம். அவர் இல்லாமல் என் வாழ்க்கை முழுமையடையாது. தமிழ்க் கலாசாரத்தில் திருமணம் புனிதமானது."

பனைநிழல்:

சினிமா வசனம் போல இருக்கிறது.

கரவை அக்கா:

முழுவதையும் வெட்டுங்கள். "எங்கள் பெற்றோர் ஒரு பொதுவான உறவினர் மூலம் பேசத் தொடங்கினார்கள். முதல் தொலைபேசி அழைப்பில் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார்" என்று தொடங்குங்கள். பேசி முடித்த திருமணத்தைக் காதல் கல்யாணமாக மாற்றி எழுதாதீர்கள். அவர் தன் பக்கத்தில் "பெற்றோர் பார்த்த பெண்" என்றும், நீங்கள் "காதல்" என்றும் எழுதினால் அதுவே ஒரு முரண். நேசத்தைச் சொல்லக் கூடாது என்றில்லை, அது எப்படி வந்தது என்று சொல்லுங்கள். இடையில் கோபித்துப் பேசாமல் இருந்திருந்தால் அதையும் எழுதலாம்.

உரைகல்:

படங்களைக் குவிக்காதீர்கள், 20 போதும். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், படத்தில் இருப்பவரின் உறவுமுறை எழுதுங்கள். இரு பக்கப் பெற்றோரும் ஒன்றாக இருக்கும் படம், நீங்கள் இருவர் மட்டும் கடற்கரையில் நிற்கும் பத்துப் படத்துக்குச் சமம்.

யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன்: எழுத்து முடிந்ததை வருமானவரித் திணைக்களத்துக்கு அறிவித்தீர்களா? திருமண நிலை மாறினால் அடுத்த மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். பலர் "தாலி கட்டட்டும்" என்று விட்டுவிட்டு வரிப் படிவத்தில் தனியாள் என்றே போடுகிறார்கள். ஸ்பொன்சர் கோப்பில் அந்த ஆண்டின் வரி மதிப்பீட்டை இணைக்கும்போது, குடிவரவுக்கு மணமானவர், வரிக்குத் தனியாள் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். வேலையிடத்துக் காப்புறுதியில் அவருடைய பெயரைச் சேர்ப்பதும் நல்லது.

மழைக்குருவி:

அறிவிக்கவில்லை! இன்றே திருத்துகிறேன். வருமானம் எவ்வளவு வேண்டும்? நான் பகுதிநேர வேலைதான்.

நெறியாளர்:

துணைவருக்குக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. மாற்றுத்திறன் காரணமின்றி அரசின் சமூக உதவிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் ஸ்பொன்சர் செய்ய முடியாது. கையெழுத்திடும் உறுதிமொழி, அவர் நிரந்தர வதிவாளராகும் நாளிலிருந்து 3 ஆண்டு. இடையில் மணமுறிவு வந்தாலும் அது ஓடும். அவர் சமூக உதவி பெற்றால் அது உங்கள் கடன். 2011இல் உச்ச நீதிமன்றம் மாவி வழக்கில் அரசு அதை வசூலிக்கலாம் என்றது. முன்னறிவித்து உங்கள் நிலையைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொன்னது. க்யூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண அரசிடம் தனி உறுதிமொழி, தனிக் கட்டணம்.

முகில்:

மறுத்தால் என்ன என்ற முதல் பதிவின் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லையே?

உரைகல்:

சரி. அவர் ஊரில் இருந்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், ஸ்பொன்சர் செய்தவருக்குக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை உண்டு. மறுப்புக் கடிதம் கிடைத்து 30 நாள். அங்கே கட்டணமில்லை. விசாரணை புதிதாகவே நடக்கும். அலுவலரிடம் கொடுக்காத சான்றையும் கொடுக்கலாம். இதற்குள் கல்யாணம் நடந்திருந்தால் அதுவும் சான்று, பிள்ளை பிறந்திருந்தால் அதைவிடப் பெரிய சான்று. கனடாவுக்குள்ளேயே சேர்ந்து வாழ்ந்து, உள்நாட்டு வகுப்பில் விண்ணப்பித்தவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. 15 நாளுக்குள் மத்திய நீதிமன்றத்தில் அனுமதி கேட்பதுதான் வழி. அந்த நீதிமன்றம் முடிவு நியாயமாக எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும், உங்கள் திருமணத்தைத் தானே எடைபோடாது. வருகை விசாவில் துணைவரைக் கூப்பிட்டுவைத்து எந்த வகுப்பில் போடுவது என்று யோசிப்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுப்புக்கு முன் பெரும்பாலும் ஐயம் தெரிவிக்கும் கடிதம் ஒன்று வரும், அல்லது நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கடிதத்துக்குக் கொடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள். அதற்கான பதிலை முகவர் கையில் விடவே கூடாது. காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டத்தரணி, ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற சட்டத்துணைவர், க்யூபெக் நொத்தாரிசு, குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் "கல்லூரி" என்ற அமைப்பில் பதிவுபெற்றவர் ஆகியோருக்கே உரிமை. பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். படிவத்தில் "எனக்கு யாரும் உதவவில்லை" என்று போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மழைக்குருவி:

அம்மாவுக்குத் தெரிந்தவர் அதைத்தான் போடச் சொன்னார். அவரிடமிருந்து கோப்பைத் திருப்பி வாங்கிவிட்டேன். சட்டத்தரணி ஒருவரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். இப்போதா, கல்யாணத்துக்குப் பிறகா என்பதை அவரோடு கதைத்து முடிவு செய்கிறேன். கடைசியாக ஒன்று: விவாகப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்கலாமா? எனக்கு இரண்டும் நன்றாகத் தெரியும்.

நெறியாளர்:

கூடாது. விண்ணப்பதாரரோ குடும்பத்தினரோ செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள். ஒன்ராறியோவில் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், அல்லது ஊரில் செய்வித்தால் மொழிபெயர்ப்பாளரின் சத்தியக் கடதாசியையும் மூலப் பிரதியின் நகலையும் சேர்த்து ஏற்றுங்கள். முத்திரையில் இருக்கும் எழுத்துகளும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். சிங்களத்தில் இருக்கும் அந்த வட்ட முத்திரையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.